மருந்தகத்தில் கேட்கப்படும் ஒன்பதாவது கேள்வி: தற்கொலை அபாயத்தை ஒரு படிவம் கண்டுபிடித்துவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை காலை. ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு மருந்தகம். சித்திக்கு நீரிழிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது என் வேலை. ரத்தம் எடுத்து முடிந்ததும் தாதி ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் ஒன்பது கேள்விகள். சித்திக்கு ஆங்கிலம் வராது. "நீங்களே கேட்டு டிக் பண்ணிடுங்க" என்றார் தாதி. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

தூக்கம், பசி, சோர்வு என எட்டுக் கேள்விகள் சுலபமாகப் போயின. ஒன்பதாவதைப் படித்ததும் எனக்கு வாய் வரவில்லை. செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்றோ உங்களையே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரங்களில் தோன்றியதா? இதுதான் கேள்வி. பக்கத்து நாற்காலியில் தெரிந்த முகம் ஒன்று. சித்தப்பா இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. "மனசு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா சித்தி?" என்று கேட்டேன். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பூஜ்யத்தில் டிக் போட்டேன்.

அந்த பூஜ்யம் சித்தி கொடுத்த பதில் இல்லை. நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு நானே போட்ட மதிப்பெண். அதன்பின் இந்தப் படிவங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அவை எங்கிருந்து வந்தன, எந்த அளவுக்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதைத்தான் இங்கே விளக்கியிருக்கிறேன்.

இது என்ன படிவம்?

அதன் பெயர் பிஹெச்கியூ-9. நோயாளி நலக் கேள்வித்தாள் என்று சொல்லலாம். மனச்சோர்வை அளக்க அமெரிக்காவில் ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் க்ரோன்கே ஆகியோர் உருவாக்கியது. ஃபைசர் மருந்து நிறுவனம் நிதி கொடுத்தது. 2001ல் ஆய்விதழில் வெளியானது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் உலகெங்கும் பரவியது. சிங்கப்பூரிலும் பலதுறை மருந்தகங்களிலும் குடும்ப மருத்துவர்களிடமும் இதையோ இதன் சுருக்கத்தையோ பார்க்கலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள். ஒருபோதும் இல்லை என்றால் 0. சில நாள்கள் என்றால் 1. பாதிக்கும் மேற்பட்ட நாள்கள் என்றால் 2. கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. ஆக அதிகமாக 27 வரை போகலாம். 10ஐத் தொட்டால் மருத்துவர் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். முதல் ஆய்வில் மனநல நிபுணர்கள் 580 பேரிடம் தனியாகப் பேசிக் கண்டறிந்ததோடு படிவத்தின் முடிவை ஒப்பிட்டார்கள். 10 என்ற எல்லையில், கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரைப் படிவம் சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 88 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிட்டது.

இந்த இரண்டு திறன்களையும் சேர்த்துப் பார்ப்பதுதான் எந்தக் கேள்வித்தாளையும் மதிப்பிடுவதன் அடிப்படை. பிடிக்க வேண்டியவரைப் பிடிக்கிறதா? விட வேண்டியவரை விடுகிறதா? எல்லையை இறக்கினால் அதிகம் பேர் சிக்குவார்கள், தேவையில்லாதவர்களும் சேர்ந்து சிக்குவார்கள். ஏற்றினால் உண்மையில் உதவி தேவைப்படுபவர் நழுவிவிடுவார். இரண்டும் ஒரே சமயத்தில் கூடாது. தராசு மாதிரி.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த 88 விழுக்காடு மனச்சோர்வைக் கண்டறிவதற்கான எண். தற்கொலை அபாயத்துக்கான எண் அன்று. ஒன்பதில் ஒரே ஒரு கேள்விதான் அதைத் தொடுகிறது. அந்த ஒன்றின்மேல் மருத்துவ உலகம் பின்னாளில் பெரிய பாரத்தை ஏற்றிவிட்டது.

ஒன்பதாவது கேள்வி எதைச் சொல்கிறது?

கொஞ்சம் சொல்கிறது. அதை மறுக்க முடியாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குரூப் ஹெல்த் என்ற சுகாதாரக் கூட்டுறவு அமைப்பு இருந்தது. அதன் நோயாளிகள் 84,418 பேர் 2007க்கும் 2011க்கும் இடையில் நிரப்பிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களை கிரெகரி சைமன் என்ற ஆய்வாளர் குழு எடுத்துப் பார்த்தது. அதன்பின் அவர்களுக்கு என்ன ஆனது என்றும் பார்த்தது. ஒன்பதாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்றவர்களில் ஓராண்டுக்குள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் 0.4 விழுக்காடு. "கிட்டத்தட்ட தினமும்" என்றவர்களில் 4 விழுக்காடு. பத்து மடங்கு வித்தியாசம். இறந்தவர்களின் விகிதமும் அப்படியே 0.03லிருந்து 0.3 விழுக்காட்டுக்கு ஏறியது. ஒரு தாளில் போட்ட டிக் ஓராண்டு கழித்து நடப்பதோடு இவ்வளவு தொடர்புள்ளதாக இருப்பது சாதாரண விஷயமா?

ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். "தினமும்" என்று சொன்ன 100 பேரில் 96 பேருக்கு அந்த ஓராண்டில் அப்படி ஒரு முயற்சி பதிவாகவில்லை. மறுபக்கம் இன்னும் சங்கடமானது. 2016ல் சைமன் குழு வெளியிட்ட அடுத்த ஆய்வில், படிவம் நிரப்பிய 30 நாளுக்குள் நடந்த முயற்சிகளில் 39 விழுக்காடும் மரணங்களில் 36 விழுக்காடும் "ஒருபோதும் இல்லை" என்று டிக் போட்டவர்களிடையே நடந்திருந்தன.

ஏன் இப்படி? சிலர் மறைக்கிறார்கள். வேலை போய்விடுமோ, காப்புறுதி கிடைக்காதோ, வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம். சிலர் மறைக்கவில்லை. படிவம் நிரப்பிய நேரத்தில் அந்த எண்ணம் உண்மையிலேயே இல்லை. தற்கொலை எண்ணம் காய்ச்சல் மாதிரி நாள் கணக்கில் நிலையாக இருப்பதில்லை. சில மணி நேரத்தில் ஏறும், இறங்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்த படம் வெள்ளிக்கிழமை இரவைக் காட்டாது. இன்னும் சிலருக்கு என்னைப் போல ஒரு மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

கண்டறிவது வேறு, கணிப்பது வேறு

இந்த விவகாரத்தில் ஆகப் பெரிய குழப்பம் இங்கேதான். இன்றைக்கு உங்கள் மனதில் அந்த எண்ணம் இருக்கிறதா என்று கேட்பது ஒன்று. நாளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்வது இன்னொன்று. முதலாவதைக் கேள்வித்தாள் ஓரளவு நன்றாகச் செய்யும். இரண்டாவதை எந்தக் கேள்வித்தாளும் இதுவரை செய்ததில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. கற்பனையாக ஒரு மருந்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 நோயாளிகள். அவர்களில் 20 பேர் அந்த ஆண்டில் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் உள்ள படிவம் மிக நல்ல படிவம். ஆபத்தில் உள்ளவரில் 80 விழுக்காட்டினரைப் பிடிக்கும். ஆபத்தில் இல்லாதவரில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விடும். அப்படியானால் 20 பேரில் 16 பேர் சிக்குவார்கள். நான்கு பேர் தப்பிவிடுவார்கள். மீதி 9,980 பேரில் பத்தில் ஒருவர், அதாவது 998 பேர், தவறாகச் சிக்குவார்கள். மொத்தம் 1,014 பேரின் கோப்பில் சிவப்புக் கொடி. அவர்களில் உண்மையில் ஆபத்தில் உள்ளவர் 63 பேருக்கு ஒருவர்.

படிவம் மோசம் என்பதால் இப்படி ஆகவில்லை. அபூர்வமாக நடக்கும் ஒன்றைத் தேடும்போது எவ்வளவு நல்ல வலையிலும் வேறு மீன்கள்தான் அதிகம் விழும். அமெரிக்க மனநல மருத்துவர் அலெக்ஸ் பொக்கார்னி இதை 1983லேயே சொல்லிவிட்டார். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் 4,800 நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். 67 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கையில் இருந்த எல்லா அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தும் அவர்களை முன்கூட்டிப் பிரித்தெடுக்க முடியவில்லை. 2017ல் ஜோசஃப் ஃபிராங்க்ளின் குழு 50 ஆண்டுகளில் வெளியான 365 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பழைய கதைதான். கணிக்கும் திறன் குருட்டாம்போக்கை விடச் சற்று மேல், அவ்வளவே. அரை நூற்றாண்டில் அது மேம்படவும் இல்லை.

அதனால்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ல் வெளியிட்ட வழிகாட்டியில், எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க இப்படிப்பட்ட அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று நேரடியாகவே சொன்னது. மதிப்பெண்ணை வைத்து யாருக்குச் சிகிச்சை, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யாதீர்கள் என்றும் சொன்னது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2023 ஜூனில் கொஞ்சம் வேறு மாதிரிச் சொன்னது. பெரியவர்கள் எல்லாருக்கும் மனச்சோர்வுப் பரிசோதனை நல்லது. தற்கொலை அபாயத்துக்கென்று எல்லாரையும் பரிசோதிப்பது நல்லதா என்று முடிவுக்கு வர ஆதாரம் போதாது.

அப்படியென்றால் எதற்குக் கேட்க வேண்டும்?

ஏனென்றால் மக்கள் அங்கேதான் வருகிறார்கள். தற்கொலையால் இறந்தவர்களைப் பற்றிய பழைய ஆய்வுகளை 2002ல் ஜேசன் லுவோமா குழு தொகுத்தது. இறப்பதற்கு முந்திய ஒரு மாதத்தில் சராசரியாக 45 விழுக்காட்டினர் குடும்ப மருத்துவர் போன்ற அடிப்படைச் சிகிச்சையாளரைப் பார்த்திருந்தார்கள். மனநல மருத்துவரைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. தலைவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை என்று ஏதோ ஒன்றுக்காக வந்திருப்பார்கள். நம் ஆட்களிடம் இது இன்னும் அதிகம். "மனசு உடைஞ்சுபோச்சு" என்று டாக்டரிடம் யார் சொல்கிறார்கள்? "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் அசதியா இருக்கு" என்றுதான் ஆரம்பிப்போம்.

சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு 476 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆக அதிக எண்ணிக்கை அது. அவர்களில் 125 பேர் 10 முதல் 29 வயதுக்குட்பட்டவர்கள். இந்த வரியைப் படிக்கிற பலருடைய வயது அதுதான்.

கேட்டால் எண்ணம் வந்துவிடாதா? சித்தியிடம் நான் கேள்வியை மாற்றியதற்கு என் மனதில் இருந்த காரணமும் இதுதான். பலர் இப்படி நம்புகிறார்கள், சில மருத்துவர்களும்கூட. ஆனால் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. நியூயார்க்கில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை பற்றி முதலிலேயே கேட்டுப் பார்த்தார்கள். 2005ல் முடிவு வெளியானது. கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் இறங்கியும் இருந்தது. லண்டனில் நான்கு குடும்ப மருத்துவர் நிலையங்களில் 443 நோயாளிகளிடம் செய்த சோதனை 2011ல் வெளியானது. அங்கும் கேட்டதால் கேடு வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆதாரம் தெளிவாகவே இருக்கிறது.

தமிழில் கேட்டால் என்ன ஆகும்?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சிங்கப்பூரில் பிஹெச்கியூ-9ஐச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013ல் வெளியானது. அடிப்படைச் சிகிச்சைக்கு வந்த 400 நோயாளிகள் பங்கெடுத்தார்கள். அமெரிக்காவில் 10 என்று வைத்த எல்லை இங்கே அதிகமாகத் தெரிந்தது. 6 என்று வைத்தால்தான் பொருத்தமாகப் பிடிக்கிறது என்று கண்டார்கள். ஒரே கேள்விகள், வேறு ஊர், வேறு எல்லை. கஷ்டத்தை நாம் கொஞ்சம் குறைத்துச் சொல்லும் பழக்கமுள்ளவர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அது என் ஊகம் மட்டும்தான். அந்த 400 பேரும் ஆங்கிலம் பேசுபவர்கள். சித்தி போன்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

தமிழ்ப் பெயர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு உண்மையான நோயாளிகளிடம் கொடுத்து, "இந்தக் கேள்விக்கு நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்க வேண்டும். கடைசியாக, தமிழிலேயே பேசக்கூடிய மனநல நிபுணர் ஒருவரின் கண்டறிதலோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டு, எல்லையைப் புதிதாக வகுக்க வேண்டும். சென்னையில் நீரிழிவு ஆய்வாளர்கள் இந்தக் கேள்வித்தாளை எடுத்தபோது ஒன்பது கேள்விகளை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாக மாற்றி, அது நம்பகமானதா என்று சோதித்து, 2009ல் வெளியிட்டார்கள். அதை வைத்து சென்னையில் 25,455 பேரிடம் கேட்டதில் 15.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன.

ஒன்பதாவது கேள்விக்கு வருவோம். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. செத்துப்போனால் தேவலை என்று தோன்றுவது ஒன்று. தன்னையே காயப்படுத்திக்கொள்ள நினைப்பது மற்றொன்று. ஒரு டிக் எதற்குப் போடப்பட்டது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தமிழில் இது இன்னும் சிக்கல். நம் வீட்டுப் பாட்டிமார்கள் எத்தனை பேர் "எமனுக்கு இன்னும் கண்ணு தெரியலையே", "சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா போதும்" என்று தினமும் சொல்கிறார்கள்? எழுத்துப்படி எடுத்தால் அது "கிட்டத்தட்ட தினமும்", மதிப்பெண் 3. அவர்களில் பலருக்கு அது அலுப்பின் பேச்சு, கடவுளிடம் போடும் செல்லச் சண்டை. சிலருக்கு அது உண்மை. குரலையும் முகத்தையும் கேட்டால்தான் எது எது என்று தெரியும். இளையர்கள் பேச்சும் அப்படித்தான். "வெயில்ல செத்துட்டேன்", "ரிசல்ட் பார்த்தா அம்மா கொன்னுடுவாங்க" என்று நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம். அதனாலேயே ஒரு நண்பர் நிஜமாகச் சொல்லும்போது காதில் விழாமல் போகிறது.

சாவைப் பற்றிப் பேச நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தற்கொலையைப் பற்றி நேராகக் கேட்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2020 ஜனவரி 1 வரை உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது இங்கே குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் "எழுதிக் கொடுத்தா போலீஸ் வருமா?" என்ற பயம் மூத்த தலைமுறையிடம் இன்னும் இருக்கிறது. சட்டம் மாறிவிட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கேட்டால் உண்மையான பதில் வர வாய்ப்பு கூடுதல்.

ரோவல் சாலையில் வேறொரு கேள்வித்தாள்

ஜாலான் புசாரிலிருந்து லிட்டில் இந்தியா பக்கம் திரும்பும் கிளைச் சாலைகளில் ஒன்று ரோவல் சாலை. சம்பளப் பாக்கிக்காகவோ வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுக்காகவோ காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2 அமைப்பு இந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக இலவச உணவு வழங்கி வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள்.

2015ல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லியன் நிலையம் தெற்காசிய ஊழியர்களின் மனநலம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கெஸ்லர் 6 என்ற ஆறு கேள்வி அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். தற்கொலையைப் பற்றிக் கேட்காத அளவுகோல் அது. பதற்றம், நம்பிக்கையின்மை, எதுவுமே பயனில்லை என்ற உணர்வு இவற்றைப் பற்றிக் கேட்கும். காயம் அல்லது சம்பளக் கோரிக்கையில் சிக்கியிருந்த ஊழியர்களில் 62 விழுக்காட்டினரின் மதிப்பெண் கடும் மனநலப் பாதிப்புக்கான எல்லையைத் தாண்டியிருந்தது. வழக்கமாக வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் இது மிகவும் குறைவு.

இந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? 62 விழுக்காட்டினருக்கு மனநோய் என்று சொல்லிவிடலாமா? அதே ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டல், ஊரில் அடைக்க வேண்டிய கடன் போன்றவை மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறுவதைக் கண்டார்கள். படிவம் பொய் சொல்லவில்லை. அந்த மனிதர் துன்பத்தில் இருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவருக்கு முதலில் தேவைப்படுவது மாத்திரையா, வர வேண்டிய சம்பளமா என்று மதிப்பெண் சொல்லாது. அதோடு, உண்மையை எழுதினால் வேலை அனுமதி போய்விடுமோ என்று பயப்படும் ஒருவரிடம் முதலாளி ஏற்பாடு செய்த மருத்துவரின் அறையில் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? யார் கேட்கிறார்கள், எங்கே வைத்துக் கேட்கிறார்கள் என்பதும் அளவுகோலின் ஒரு பகுதி. ஆய்வறிக்கைகளில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்காமல் போகிறார்கள்.

தனிமையில், திரையில் பதிலளிப்பது ஆளிடம் சொல்வதைவிடச் சிலருக்குச் சுலபம். 1973லேயே அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான் கிரைஸ்ட் என்ற மனநல மருத்துவர் தற்கொலை அபாயம் பற்றிக் கணினி மூலம் நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தார். இன்று கைப்பேசியில் கேட்பது அதன் பேரப்பிள்ளை. ஊழியரின் சொந்தக் கைப்பேசியில், அவருடைய மொழியில், முதலாளி கண்ணில் படாமல் கேட்க முடிந்தால் அது பெரிய விஷயம்.

டிக் போட்ட பிறகு என்ன?

பிஹெச்கியூ-9க்கு ஒரு தம்பி உண்டு. பிஹெச்கியூ-8. ஒன்பதாவது கேள்வியை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? தொலைபேசிக் கருத்தாய்வுகளில் யாராவது "ஆமாம்" என்று சொன்னால் உடனே கவனிக்க அங்கே ஆள் இல்லை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்பதால் கேள்வியையே விட்டுவிட்டார்கள். எனக்கு இது நேர்மையான முடிவாகத் தெரிகிறது.

மருந்தகங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பல இடங்களில் முதலில் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். ஆர்வம் குறைந்ததா, மனம் சோர்ந்திருந்ததா என்று. அதில் போதிய மதிப்பெண் வந்தால்தான் மீதி ஏழு. நேரம் மிச்சம். ஆனால் முதல் இரண்டுக்கு "இல்லை" என்றவரிடம் ஒன்பதாவது கேள்வி போகவே போகாது.

ஒன்பதாவதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் மருத்துவர் அன்றைக்கே நேராகப் பேச வேண்டும். எண்ணம் மட்டுமா, திட்டமும் இருக்கிறதா? முன்பு முயன்றது உண்டா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? எது உங்களை இதுவரை நிறுத்தி வைத்திருக்கிறது? இப்படிப் படிப்படியாகக் கேட்க உதவும் கொலம்பியா அளவுகோல் ஒன்றும், சிறுவர்களுக்கென அமெரிக்க தேசிய மனநல நிலையம் உருவாக்கிய நான்கு கேள்விப் படிவம் ஒன்றும் உண்டு. பிறகு ஒரு பாதுகாப்புத் திட்டத்தைச் சேர்ந்து எழுதலாம். எண்ணம் ஏறும்போது தெரியும் அறிகுறி என்ன, அப்போது என்ன செய்வது, யாரை அழைப்பது என்று நோயாளியின் சொந்தச் சொற்களில். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1,640 பேரைக் கவனித்த ஆய்வு 2018ல் வெளியானது. இப்படித் திட்டம் எழுதித் தொலைபேசியில் தொடர்ந்து அழைத்துப் பேசிய இடங்களில் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ பாதிக்குப் பாதி குறைந்திருந்தன.

இதற்கு நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் ஆதாரம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் நடத்திய சோதனை அது. அவற்றில் இரண்டு, சென்னையும் கொழும்பும். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதில் முக்கியப் பங்கு வகித்தார். 1986ல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் அவர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு வீடு திரும்பும்முன் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசி அழைப்போ நேரில் சந்திப்போ. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஒருவர், அவ்வளவுதான். 2008ல் வந்த முடிவு: வழக்கமான பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2. பின்னர் இதே முறையை வேறு இடங்களில் செய்தபோது எல்லா இடத்திலும் இந்த அளவு பலன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எந்தக் கேள்வித்தாளும் தனியாக இப்படியொரு எண்ணைக் காட்டியதில்லை.

ஆகவே ஒரு மருந்தகத்தின் கேள்வித்தாளை மதிப்பிட வேண்டுமென்றால் நான் இரண்டு விஷயங்களை முதலில் கேட்பேன். "ஆமாம்" என்றவரை எத்தனை நிமிடத்தில் ஒரு மனிதர் பார்த்தார்? அடுத்த வாரம் அவரை யார் அழைத்தார்? உணர்திறன் விழுக்காடெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

சிங்கப்பூரில் இதற்கு அடித்தளம் போடும் வேலை நடக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான தேசிய மனநல, நல்வாழ்வு உத்தியின்படி 2030 வாக்கில் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் கூடுதலாக 900 தனியார் மருந்தகங்களிலும் மனநலச் சேவை இருக்க வேண்டும். அதிகம் பேரிடம் கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பதில் சொல்ல வருகிறவர்களைக் கவனிக்கவும் ஆட்கள் வேண்டும், தமிழ் பேசுபவர்கள் உட்பட.

இளையர்களுக்கு இன்னொரு விஷயம். 15 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் 30.6 விழுக்காட்டினருக்குக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம் அல்லது மனவுளைச்சல் அறிகுறிகள் இருப்பதாக மனநலக் கழகத்தின் ஆய்வு 2024ல் சொன்னது. அதுவும் தாங்களே பதில் சொன்ன கேள்வித்தாள்தான். அறிகுறி வேறு, நோய் வேறு. இணையத்தில் கிடைக்கும் படிவத்தை நள்ளிரவில் நிரப்பி, 17 வந்துவிட்டது என்று பயப்படுபவர்களும் உண்டு, 4தான் வந்தது, எனக்கு ஒன்றுமில்லை என்று உதவி தேடாமல் விடுபவர்களும் உண்டு. மதிப்பெண் குறைவாக வந்தாலும் மனது வேறு மாதிரிச் சொன்னால் மனதை நம்புங்கள்.

வீட்டுப் பெரியவருக்கு மொழிபெயர்க்க நேர்ந்தால்

கேள்வியை மாற்றாதீர்கள். முடிந்தால் தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ இருந்தால் அவரிடம் விட்டுவிட்டு வெளியே நில்லுங்கள். பிள்ளைகள் முன்னால் சொல்ல மாட்டார்கள், நீங்கள் எவ்வளவு பாசமான பிள்ளையாக இருந்தாலும். வேறு வழியே இல்லையென்றால் குரலைத் தாழ்த்தி, அவசரப்படாமல், அப்படியே கேளுங்கள். "செத்துப்போனா நல்லாருக்கும்னு இந்த ரெண்டு வாரத்துல தோணுச்சா?" பதில் வரும்வரை பேனாவைக் கீழே வையுங்கள்.

நான் அதைச் சித்தியிடம் கேட்டபோது ஆறு வாரம் கடந்திருந்தது. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "சித்தப்பா போனதிலேர்ந்து அப்படித்தான்மா இருக்கு. யாரும் கேக்கலியே" என்றார். மறுநாள் காலையே மருத்துவரைப் பார்த்தோம். இப்போது மாதம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கிறார். ஆலோசகருக்குத் தமிழ் தெரியும்.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இப்போது பேச ஆள் தேவைப்பட்டால்: சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண் 1767, வாட்ஸ்அப் எண் 9151 1767. தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு டெலிமானஸ் 14416, சிநேகா 044 2464 0050. இலங்கையில் 1926. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிங்கப்பூரில் 995ஐ அழையுங்கள்.